மருமக தேத்தின உடம்பு

அது உங்க பஸ் இல்லீங்க சம்பந்தியம்மா, உக்காருங்க. அது சோளிங்கர் போறது. பள்ளிப்பட்டு வண்டி அந்தாண்ட பழக்கடைகிட்ட வந்து நிக்கும், இன்னும் அரை மணி நேரம் ஆவும். நான் இருக்கேன், ஏத்தி விட்டுட்டுத்தான் போவேன். வெயில் அடிக்குதா? தூணுக்கு இந்தப் பக்கம் வந்துடுங்க. பங்குனி இன்னும் பொறக்கல, அதுக்குள்ள இந்தக் காய்ச்சல் காயுது.

காலையிலேருந்து நான்தான் பேசிகினு இருக்கேன் இல்ல? நீங்க இம்மாந் தூரம் வந்தது பொண்ணைப் பத்திக் கேக்க. ஷாலினி அஞ்சு நாளா போன் பண்ணல, மாப்ளயும் எடுக்கல, மூணு மாசம் அங்க இருந்துட்டு வந்த மாமியார்காரிக்காவது ஏதாவது தெரியுமான்னு வந்தீங்க. நான் இன்னா பண்ணேன்? சோறு போட்டேன். பனி எப்படி கொட்டும்னு சொன்னேன். போட்டோ காட்டினேன். போன் ரிப்பேரா இருக்கும்னு சொன்னேன். நீங்களும் சரின்னுட்டு எழுந்துகினீங்க. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வரேன்னு நான் கெளம்பினேன் பாருங்க, அது மரியாதைக்கு இல்லீங்க. உங்கள அனுப்ப முடியல, அதான்.

இல்ல, சொல்றேன். சொல்றேங்க. வரிசையா வந்தாத்தான் எனக்கு வாய் வரும். நடுவுல கேட்டீங்கன்னா நின்னுடும்.

எங்க வீட்டுக்காரு போனது ஆடி மாசம். உங்களுக்குத் தெரியாததா, அண்ணனும் நீங்களும்தான் மொத ஆளா வந்து நின்னீங்க. முப்பத்தி நாலு வருஷம் அரக்கோணத்துக்கு ரயில்ல வேலைக்குப் போயிட்டு வந்த மனுஷன். ரிட்டயர் ஆயி எட்டாவது மாசம், டீ டம்ளர் கையில இருக்கச்சொல்ல அப்படியே சாஞ்சிட்டாரு. காரியம் முடிஞ்சி புள்ளையும் மருமகளும் ஜெர்மனிக்குத் திரும்பிப் போனப்புறம் எனக்குச் சோறு இறங்கல. வாயில வெச்சா மண்ணு மாதிரி இருக்கும். ஐப்பசியில எடை பாத்தா முப்பத்தெட்டு கிலோ. கை நடுக்கத்துல ஒரு தீக்குச்சி கிழிக்க முடியாது. மாத்திரை போட்டாத்தான் தூக்கம், அதுவும் அடிச்சிப் போட்ட மாதிரி தூக்கம். டாக்டர் சொல்லிட்டாரு, இதுக்கு மேல மருந்து எழுத எனக்கு ஒண்ணும் இல்ல, கொஞ்ச நாளைக்கு எடம் மாத்துங்கன்னு.

என்னைக் கூப்ட்டது யாருன்னு நெனைக்கிறீங்க? ஊர்ல எல்லாரும் புள்ள அம்மாவைத் தங்கமாட்டம் கூட்டிகினு போறான்னாங்க. அவன் இல்லீங்க. ஸ்ரீதர் சொன்னது, இப்ப குளிர்காலம் வேணாம், சித்திரைக்கு மேல பாக்கலாம்னுதான். ஷாலினிதான் விடல. அத்தை இப்பவே வரணும், கார்த்திகையிலயே வரணும்னு விசா பேப்பர் எல்லாம் அதுவே பாத்துச்சி. நான் அப்போ நெனைச்சேன், என் மேல அவ்ளோ பாசமான்னு. பாசம் இல்லன்னு சொல்லல.

ஏர்போர்ட்ல என் அளவுக்கு ஒரு கோட்டு, குல்லா, காலுக்கு பூட்ஸ், எல்லாத்தையும் கையில வெச்சிகினு நின்னுகினு இருந்துச்சி. அத்தனை பேரு நடுவுல கீழ மண்டி போட்டு எனக்கு அந்த பூட்ஸ மாட்டி, கயிறு கட்டி விட்டுது. எங்கம்மா கூட எனக்கு அப்படிப் பண்ணதில்ல.

மூணாவது மாடி வீடு. சின்ன வீடுதான், கிச்சன்ல நின்னு கையை நீட்டினா கூடத்துல இருக்கிற ஆள தொட்டுடலாம். ஜன்னலுக்குக் கீழ சூடு வர்ற பெட்டி இருக்கும், அதுகிட்ட எனக்கு ஒரு நாற்காலி போட்டுச்சி. மொத ஒரு வாரம் கேழ்வரகுக் கஞ்சி. எங்க கெடைச்சுதுன்னு கேட்டேன், ரெண்டு பஸ் மாறிப் போனா ஒரு சிலோன் தமிழ்க்காரர் கடை இருக்காம். அதுக்கப்புறம் ரெண்டு இட்லி, அப்புறம் வேர்க்கடலைச் சட்னி. நான் பாதியில தட்டை நகத்தினா எதிர்ல உக்காந்துகினு பாத்துகினே இருக்கும். அதுக்காகவே இன்னொரு வாய் சாப்டுவேன்.

அப்புறம் நடக்க இஸ்துகினு போச்சி. வீட்டுக்குப் பின்னாடி ஒரு ஆறு, கரை ஓரமா நடக்கறதுக்குப் பாதை. எடத்துக்கு எடம் பெஞ்சு போட்டிருப்பாங்க. மொத நாளு ஒரு பெஞ்சு வரைக்கும் போயி திரும்பிட்டோம், எனக்கு மூச்சு வாங்கிச்சி. பத்து நாளு கழிச்சி ரெண்டாவது பெஞ்சு. தை பொறக்கச்சொல்ல நாலாவது பெஞ்சு தாண்டி அந்தப் பாலம் வரைக்கும் போயிட்டு வருவேன். தண்ணி மேல ஐஸ் கட்டிகினு இருக்கும், வாத்து அது மேல நடந்து போவும். நான் சிரிச்சேங்க. அவரு போனதுக்கப்புறம் மொத தடவையா சிரிச்சேன். ஷாலினி அதை போன்ல படம் புடிச்சி வெச்சிது. காலையில உங்களுக்குக் காட்டினேனே, வாயை ஒரு பக்கமா இழுத்துகினு இருப்பேன், அதான்.

நடக்கும்போது உங்க பொண்ணு என்னமா பேசும் தெரியுமா. பள்ளிப்பட்டு கதை, அண்ணன் தறியில பாவு அறுந்தா யாருகிட்டயும் பேச மாட்டாருன்றது, அங்க போற பாஷை கிளாஸுல டீச்சர் எப்படி உச்சரிக்கச் சொல்லுவாங்கன்றது. அந்தப் பாஷைய அது பேசிக் காட்டும், தொண்டையில முள்ளு மாட்டிகினா மாதிரி. கொழந்தைங்க பள்ளிக்கூடத்துல வேலைக்குச் சேரணும்னு ஆசை அதுக்கு. பேசிகினே வருவோம். ஆனா வீட்டுக்கு வந்து வாசல்ல பூட்ஸ கழட்டும் பாருங்க, அப்பவே பேச்சையும் கழட்டி வெச்சிடும். உள்ள வந்தா ஆமா, இல்ல, சாப்டறீங்களா, அவ்ளோதான். நான் அதை மரியாதைன்னு நெனைச்சேன்.

ஆங், நாப்பத்தி ஆறு கிலோ. திரும்பி வந்ததும் எடை பாத்தேன். எட்டு கிலோ ஏத்தி அனுப்பிச்சிருக்கு உங்க பொண்ணு.

மார்கழி கடைசியிலயே மாத்திரையை விட்டுட்டேன். அது இல்லாமலே தூக்கம் வந்துச்சி. ஆனா இன்னா ஆச்சின்னா, மாத்திரைய விட்டதும் எனக்கு காது கேக்க ஆரம்பிச்சிது. மத்தியானம் சாப்ட்டு கண்ணை மூடினா முன்னெல்லாம் இடி இடிச்சாலும் தெரியாது. இப்ப பக்கத்து ரூம்ல ஒரு பொருளு கீழ விழுந்தா முழிப்பு வந்துடும். பொருளு விழறதுன்னுதான் நெனைச்சேன். ஸ்ரீதர் பாதி நாளு வீட்லேருந்தே வேலை பாப்பான். எப்பவாவது அவன் குரல் கொஞ்சம் ஏறும். ஆபீஸ் டென்ஷன்னு நெனைச்சேன்.

நெனைச்சேன் நெனைச்சேன்னு சொல்றேனே, நெசமா அப்படி நெனைச்சேனான்னு இப்ப எனக்கே தெரியலீங்க.

அந்த ஊர்ல குளிருக்கு எல்லாரும் கழுத்துலேருந்து மணிக்கட்டு வரைக்கும் மூடிகினுதான் இருப்பாங்க. யாரு உடம்புல இன்னா இருக்குதுன்னு யாருக்குத் தெரியும். போகி அன்னைக்கு நான் சொன்னேன், தெனம் எனக்குப் பண்றியே, இன்னைக்கு நான் உனக்கு எண்ணெய் தேச்சி விடறேன் வாடின்னு. வேணாம் அத்தை, வேணாம் அத்தைன்னுச்சி. நான் விடல. பாத்ரூம்ல உக்கார வெச்சி, ஸ்வெட்டரை நானே தூக்கிக் கழட்டினேன்.

முதுகுங்க. இந்தத் தோள்பட்டைலேருந்து இடுப்பு வரைக்கும் கன்னிப் போயிருக்கு. சிலது பச்சை, சிலது மஞ்சளாயி ஆறிகினு வருது. ஒரே நாள்ல ஆனது இல்ல.

ஐஸ்ல வழுக்கி விழுந்துட்டேன் அத்தைன்னு சொல்லுச்சி. அங்க எல்லாரும் விழுவாங்கதான், ரோட்டுல உப்பு தூவி வெச்சிருப்பாங்க, அப்படியும் விழுவாங்க. நான் பாத்து நடக்கக் கூடாதான்னு கேட்டுட்டு எண்ணெய் தேச்சி விட்டேன். மெதுவா தேச்சேன். வழுக்கி விழுந்தா முழங்கால்ல அடி படும், கையில படும். எனக்குத் தெரியாதா? உங்ககிட்ட இதுவரைக்கும் சொன்னதில்ல, எங்க வீட்டுக்காரு கை நீட்டறவருதான். முப்பது வருஷம் நானும் புடவைத் தலைப்ப இழுத்து மூடிகினு கொழாயடிக்குப் போனவதான். எனக்குத் தெரியாமப் போவுமா.

எழுந்துகாதீங்க. வசந்தியம்மா, தயவு பண்ணி உக்காருங்க. பஸ் வரட்டும், அடுத்த பஸ்ஸும் இருக்குது. இதை விட்டா நான் சொல்ல மாட்டேன்.

பொங்கல் கழிச்சி ஒரு ஞாயித்துக் கெழம. அஞ்சு மணிதான் இருக்கும், அங்க அந்த நேரத்துக்கே இருட்டிடும். கீழ் வீட்ல ஒரு அம்மா இருந்தாங்க, எழுபது வயசு, தனியா இருக்கிறவங்க. அவங்க போன் பண்ணாங்க. ஷாலினி அந்தப் பாஷையில பேசிட்டு ஏதோ சொல்லி சத்தமா சிரிச்சிது. வெச்சதும் ஸ்ரீதர், யாருகிட்ட இம்மாஞ் சிரிப்புன்னான். சொல்லுச்சி. எதுக்கு அவங்ககிட்ட உனக்கு பேச்சுன்னான். வேலைக்கு ஒரு எடம் சொல்றாங்கன்னுச்சி. யாரைக் கேட்டு வேலைன்னான். அது பதில் சொல்றதுக்குள்ள தலைமுடியைப் புடிச்சி கிச்சன் சுவத்துல மோதினான். ரெண்டு தடவை. நான் இங்க உக்காந்திருக்கேன்னா, அது அந்த பெஞ்சாண்ட. அவ்ளோ கிட்ட.

ஷாலினி கத்தல. என்னைப் பாத்துச்சி.

நான் இன்னா சொன்னேன்னு கேக்க மாட்டீங்களா? குழம்பு ஆறிப் போவுது, ரெண்டு பேரும் வாங்கன்னு சொன்னேன். அதான் என் வாயில வந்தது. மூணு தட்டு எடுத்து வெச்சேன். வந்து உக்காந்தாங்க. சாப்டோம்.

அப்பதான் எனக்குப் புரிஞ்சிது, ஏன் என்னை அடம் புடிச்சி வரவழைச்சிதுன்னு. அம்மா வீட்ல இருந்தா அவன் கை நீட்ட மாட்டான்னு நெனைச்சிருக்குது உங்க பொண்ணு. அம்மா எதிர்லயே அடிச்சி, அம்மாவும் ஒண்ணும் சொல்லலன்னு ஆனப்புறம் அவனுக்கு இன்னா பயம்? அதுக்கு நான் அங்க போவாமலே இருந்திருக்கலாம்.

ரெண்டு நாளு கழிச்சி அந்தக் கீழ் வீட்டு அம்மா ஒரு டப்பா பிஸ்கட் எடுத்துகினு மேல வந்தாங்க. வீட்ல நான் ஒருத்திதான். அவங்க பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவங்களுக்குத் தெரியாது. கீழ அவங்க வீட்டைக் கையால காட்டினாங்க, காதைத் தொட்டாங்க, அப்புறம் கையை முஷ்டியா மூடி சுவத்தாண்ட கொண்டு போயிட்டு என் மூஞ்சியப் பாத்தாங்க. கேள்வி புரியாமலா? நல்லாப் புரிஞ்சிது. நான் சிரிச்சிகினே இல்லன்னு தலைய ஆட்டினேன். மசாலா இடிக்கிறோம்னு கையால இடிச்சிக் காட்டினேன். அவங்க டப்பாவை என் கையில குடுத்துட்டு இறங்கிப் போயிட்டாங்க. பிஸ்கட் நல்லா இருந்துச்சி, இலவங்கப்பட்டை போட்டது.

மகனைக் கேட்டேனான்னா, கேட்டேன். ஒரே ஒரு தடவை. மாசி பொறந்ததும் நான் ஊருக்குத் திரும்பற அன்னைக்கு அவன்தான் கார்ல ஏர்போர்ட்டு கொண்டாந்து விட்டான், ஷாலினிக்கு கிளாஸ். வழியில கேட்டேன், ஏண்டா, அந்தப் பொண்ணை அடிக்கிறியேன்னு. அவன் கோவப்படல. ரோட்டைப் பாத்துகினே சாதாரணமா சொன்னான், நைனா உன்ன அடிக்காத வாரம் உண்டாம்மா? நீ எங்கனா போயிட்டியா? அவரு செத்ததுக்கு சோறு தண்ணி இல்லாம அழுதியே, அப்பறம் இன்னான்னான்.

அவன் சின்ன வயசுல மூலையில நின்னு பாத்துகினு இருப்பான். நைனா அப்படித்தாண்டா, நல்லவருதான், நீ போயி படின்னு சொல்லி சொல்லி வளத்தது நான்தான். கண்ணாடியைத் தொடச்சிக் குடுத்தான், போர்டிங் பாஸ் வாங்கிக் குடுத்தான், உடம்பைப் பாத்துக்கோம்மான்னான். என் புள்ள. அவனைப் பாத்தா எனக்கு பயமா இருந்துச்சி.

இங்க வந்து ஒரு மாசம் ஆவுது. தெனம் கோயில் மலையடிவாரம் வரைக்கும் நடக்கறேன். படி ஏறல, கீழயே நின்னு கும்பிட்டுட்டு வந்துடுவேன். மேல போயி சாமிகிட்ட இன்னா கேக்கறது? நல்லா சாப்டறேன். உடம்புல எந்தக் கோளாறும் இல்ல. அதுதான் எனக்குத் தாங்கல.

ஆங், அஞ்சு நாளு. சொல்றேன். கையை விடுங்க, வலிக்குது. சரி, புடிச்சிக்கோங்க.

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், உயிருக்கு ஒண்ணும் இல்ல. உங்க பொண்ணு இருக்கு. ஆஸ்பத்திரியில இருக்கு. போன ஞாயித்துக் கெழம, மறுபடியும். இந்தத் தடவை தாடை எலும்பு உடைஞ்சிடுச்சி. கம்பி வெச்சி கட்டி இருக்காங்க, அதனாலதான் பேச முடியல, அதனாலதான் உங்களுக்குப் போன் இல்ல. அந்தக் கீழ் வீட்டு அம்மாதான் போலீஸுக்குச் சொல்லி, ஆம்புலன்ஸ்ல கூடவே ஏறிப் போயிருக்காங்க. ஷாலினி எனக்கு மெசேஜ் போட்டுச்சி. எங்கம்மாவுக்கு பிரஷர், இப்ப சொல்லாதீங்க அத்தை, வாய் தெறந்ததும் நானே பேசறேன்னு. அதான் ரிப்பேர்னு சொன்னேன். அந்த ஒரு பொய் மட்டும் உங்க பொண்ணு கேட்டுகினதுக்காகச் சொன்னது.

அழுங்க. அழுங்க, யாரு பாத்தா இன்னா. இந்தாங்க, ஒரு வாய் தண்ணி குடிங்க.

ஸ்ரீதரை வீட்டாண்ட வரக்கூடாதுன்னு போலீஸ் சொல்லி வெச்சிருக்குது, சிநேகிதன் வீட்ல இருக்கான். அங்கேருந்து எனக்குப் போன் பண்ணி அழுதான். அம்மா, உன்னையும் விசாரிப்பாங்க, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிடு, இல்லன்னா என்னை உள்ள வெச்சிடுவாங்க, வேலை போயிடும், நான் செத்துடுவேன்னான்.

முந்தாநேத்து மத்தியானம் போன் வந்துது. ஒரு போலீஸ்காரரு அந்தப் பாஷையில பேசறாரு, நடுவுல ஒரு சிலோன் தமிழ்ப் பொண்ணு மாத்திச் சொல்லுது. தேவயானி எல்லப்பன் நீங்கதானோ அம்மான்னு கேட்டுச்சி. ஆங்ன்னேன். ரொம்ப மரியாதையா பேசுச்சி. நீங்க தாய்தானே அம்மா, சொல்ல விருப்பம் இல்லாட்டி ஒண்டும் சொல்லாம விடலாம், அதுக்குச் சட்டத்துல எடம் இருக்கு, ஆனா சொன்னா உண்மையைத்தான் சொல்லோணும்னுச்சி. அப்புறம் சொல்லுச்சி, உங்கட மருமகளால பேச ஏலாது, எழுதிக் குடுத்திருக்கிறா, முந்தி அடிச்சதை மாமியார் கண்ணால பாத்தவான்னு எழுதி இருக்கிறா, பாத்தனீங்களோ அம்மான்னு.

என்னை நம்பி எழுதி இருக்குதுங்க. அந்த நெலமையிலும் என் பேரை எழுதி இருக்கு.

நான் வாயை மூடிகினு இருந்திருக்கலாம். அதுக்கும் வழி சொன்னாங்க இல்ல? இருக்கலங்க. நான் ஒண்ணும் பாக்கல, நான் நோயாளி, மாத்திரை போட்டுகினு மூணு மாசமும் தூங்கிகினுதான் இருந்தேன்னு சொல்லிட்டேன். நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ அம்மான்னு அந்தப் பொண்ணு திருப்பிக் கேட்டுச்சி. தூங்கிகினுதான் இருந்தேன்னேன். மூணாவது தடவையும் கேட்டுச்சி. மூணாவது தடவையும் அதையேதான் சொன்னேன். எழுதிகினாங்க.

பஸ் வந்துடுச்சி பாருங்க. போவாதீங்க. நான் கேக்கறதுக்கு எனக்கு யோக்கியதை இல்ல, தெரியும், ஆனா போவாதீங்க. நாளைக்கு மத்தியானம் மறுபடியும் கூப்புடுவாங்க. எழுதினதைப் படிச்சிக் காட்டிட்டு, சரிதானான்னு கேப்பாங்களாம், மாத்தணும்னா அப்ப மாத்தலாமாம். ரெண்டு நாளா தனியா ரூம்ல சொல்லிச் சொல்லிப் பாக்கறேன், பாத்தேன்னு ஒரு வார்த்தை. வர மாட்டேங்குது. புள்ள மூஞ்சி வந்து நிக்குது. அண்ணனுக்கு சொல்லிடுங்க, இன்னைக்கு ராத்திரி இங்க தங்கறேன்னு. நாளைக்கு அவங்க கேக்கச்சொல்ல நீங்க என் எதிர்ல உக்காந்துகினு இருங்க. திட்ட வேணாம், ஒண்ணும் பேச வேணாம். நீங்க என்னைப் பாத்துகினு இருந்தீங்கன்னா, நான் தூங்கிகினு இருந்தேன்னு என்னால சொல்ல முடியாது இல்லீங்களா.